மூன்று நாளும் நாற்பது நிமிடமும்

கழிவுநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் அவள். சக ஊழியர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'நிமிஷக்காரி'. ஒரு நிமிடம் பிசகாமல் பதிவாளாம்! பிசகாமல் பதிந்து என்ன பிரயோஜனம்?

கணினியில் நாலு கட்டம்: புகார் வந்த தேதி, வந்த நேரம், அடைப்பு எடுத்த தேதி, எடுத்த நேரம். எத்தனை நேரம் பிடித்தது என்று பார்க்க நேரத்திலிருந்து நேரத்தை மட்டும் கழிப்பார்கள். தேதியை ஒரு பயலும் சீண்டுவதில்லை. சாயங்காலம் நாலுக்கு வந்த புகாரை மறுநாள் காலை பத்துக்குச் சரிசெய்தால் மைனஸ் ஆறு என்று வரும். மைனஸை மட்டும் அழித்துவிடுவது அங்கே வழக்கம். அவளும் பதினோரு வருடமாக அழித்தாள், சீ!

போன வாரம் அவள் தங்கை வீட்டுத் தெருவில் சாக்கடை பொங்கியது. திங்கள் காலை ஒன்பது நாற்பதுக்குப் புகார். ஊருக்கே இருக்கிற ஒரே அடைப்பெடுக்கும் லாரி வியாழன் பத்து இருபதுக்குத்தான் வேலையை முடித்தது. அதுவரை அக்காவும் தங்கையும் வாளி வாளியாக மலத்தண்ணீரை இறைத்தார்கள். தங்கையின் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று.

வெள்ளிக்கிழமை அந்தப் புகாரைத் திறந்தாள். நாற்பது நிமிடம் என்று இருந்தது. தேதியையும் நேரத்தையும் சேர்த்துக் கழித்தாள். எழுபத்திரண்டு மணி நாற்பது நிமிடம். வருடம் முழுவதையும் அப்படியே போட்டதில், சராசரி ஒன்றரை மணியிலிருந்து ஐம்பத்தொரு மணிக்குப் போனது. இரண்டாவது லாரி வாங்குவதா வேண்டாமா என்று திங்களன்று முடிவெடுக்கப் போகிறவர்கள் கேட்டிருந்த கணக்கு அது.

அதிகாரி பார்த்துவிட்டுப் பல்லைக் குத்தினார்.

"ஏம்மா, நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? பழசையே அனுப்பு."

"சார், மூணு நாள் சார்! கொழந்தை ஆஸ்பத்திரியில கெடக்கு."

"மணிக்கணக்குதானே கேட்டாங்க, நாள் கணக்கா கேட்டாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். என்ன ஜென்மமோ! அவள் அனுப்ப மாட்டேன் என்றாள். அவரே பழையதை அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை உத்தரவு நகல் வந்தது. சராசரி ஒன்றரை மணி நேரத்தில் அடைப்புகள் எடுக்கப்படுவதால் கூடுதல் லாரி தேவையில்லை. கீழே, கணக்கைத் தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. பொய்யென்று கிழிக்கவும் முடியாது. மைனஸ்களை அழித்த கை அவளுடையதுதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"லாரி வருதாக்கா?"

"வரலடி. ஒன்றரை மணியில வேலை முடியுதாம், வேண்டாம்னுட்டாங்க."

"ஒன்றரை மணியா? அவன் கையில புழு வைக்க! எந்தப் படுபாவிக்கா இப்படி எழுதிக் குடுத்தான்?"

அவள் குழந்தையின் காலைத் தொடப் போனவள், கையை இழுத்துக்கொண்டாள்.

"நான்தான்டி," என்றாள்.