இரண்டு டியூபுகளுக்கு நடுவே

சத்தியமாக நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நடந்தது என் கூட்டாளிக்கு. சினிமாவில் லைட்மேன். எதுவும் அவனுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். அதனால் அவன் மனைவியே வைத்த பெயர், டியூப்லைட்.

அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய். மறுநாள் காலை ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. அன்று மாலை நாலு மணிக்கே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். அதற்குள், தினமும் மகளுக்குச் சொல்லும் நரிக் கதையை அவள் குரலிலேயே படம் பிடித்து வைத்துவிட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை. அம்மா கதை சொல்லாமல் தூங்காது. ஸ்டுடியோ முதலாளியின் கையைக் காலைப் பிடித்து ஒரு ஷூட்டிங் ஃப்ளோரை வாங்கிவிட்டான். மகள் வீட்டில்; உள்ளே இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

ஜன்னல் இல்லாத ஃப்ளோர். கதவைச் சாத்தினால் பட்டப்பகலும் இருட்டுதான். நாலடி டியூப் இரண்டை கேமராவுக்கு இரு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தினான். நீள டியூப் என்றால் வெளிச்சம் மெத்தென்று பரவும், ஒட்டிய கன்னம் தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் கருவிழியில் அவை இரண்டு வெள்ளைக் கோடுகளாக விழும். மானிட்டரில் அந்தக் கோடுகளைச் சரிபார்ப்பது அவன் பழக்கம்.

சரியாக மதியம் 2.10. ரெக்கார்டை அழுத்தினான்.

“ஒரு ஊர்ல ஒரு நரி...”

“ம்.”

அவள் நிறுத்தினாள். “நீங்க எதுக்கு ம் கொட்டுறீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சரிதான். டியூப்லைட்டுக்கும் கதை கேக்குது.”

அவன்தான் விளையாடுகிறான் என்று நினைத்து, அவள் பாட்டுக்குத் தொடர்ந்தாள்.

2.16. மானிட்டரில் அவள் கண். இடது கோட்டின் கீழ்ப்பாதி இல்லை. திரும்பிப் பார்த்தான். டியூப் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. மறுபடி மானிட்டர்... கீழ்ப்பாதி கறுப்பு. டியூபுக்கு முன்னால் யாராவது நின்றால்தான் அப்படி மறையும். நிற்பது மூன்றடி உயரம் இருக்கும்.

“ம்.”

இப்போது அவன் முழங்கைக்குப் பக்கத்தில்.

2.21. இரண்டு கோடுகளும் திரும்பிவிட்டன. நடுவில், அவள் கருவிழியில், அவன் நிழல். அவன் இடுப்பை ஒட்டி... ஒரு சின்னத் தலை.

ஓடிவிடக் கால் துடித்தது. ஓடினால் இந்தக் குரல் இனி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். கண்ணீர் வழிந்தது.

“ம்.”

சில்லென்று ஒரு கன்னம் இடுப்பில் சாய்ந்தது.

அவன் அசையவில்லை.

2.32. கதை முடிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவள் பிழைத்தாள். மூன்றாம் நாள், மகளை மடியில் வைத்துக்கொண்டு வீடியோவைப் போட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். இருபத்திரண்டு நிமிடமும் திரையில் மனைவியின் உதடுகள் அசைந்தன. சத்தமே இல்லை. இடையிடையே மட்டும்...

“ம்.”

தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அன்று மாலை ஸ்டுடியோ முதலாளியிடமிருந்து போன்.

“உன் பொண்டாட்டிக்கு இனிமே பேச்சு வராதுன்னு சொன்னியே?”

“ஆமாண்ணே.”

“நீங்க போனதுல இருந்து ஃப்ளோர் பூட்டித்தான் கிடக்கு. சாவி என்கிட்ட. தினம் ரெண்டு பத்துக்கு உள்ளேருந்து அவங்க குரல்ல நரிக் கதை கேக்குதுப்பா.”

இப்போது தினமும் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறான். பூட்டிய கதவில் காதை வைத்துப் பிள்ளை கேட்கிறது.

வெளியே ஒரு “ம்.”

உள்ளே இன்னொன்று.