தாயம்மாவின் அறுபத்திரண்டு சாவுகள்

எட்டாவது கேம் கன்ட்ரோலரையும் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து முடித்த தாயம்மா, அது வேலை செய்கிறதா என்று பார்க்க டிவியைப் போடுகிறாள். பார்க்க ஒரு நிமிடம் போதும். இன்று நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. திரையில் நிற்கும் இரும்புச் சட்டைக்காரன் அவளை ஏழாவது முறையாக வெட்டிப் போட்டிருக்கிறான். "எந்திரிடி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கிறாள். துடைப்பம் அவள் இடுப்பில் சாய்ந்து நிற்கிறது. வலது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது, கீழே யாரோ வண்டியை அணைக்காமல் அவளுக்காகக் காத்திருப்பதுபோல.

பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில், தௌசீஃப் நடத்தும் கேம் சென்டர் அது. பதினோரு மணிக்குத்தான் பையன்கள் வருவார்கள். பெருக்கித் துடைக்க வரும் தாயம்மா ஒன்பதுக்கே வந்துவிடுவாள், பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி. கீழ்த்தளத்து அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் நான், கண் வலிக்கும்போது டீ டம்ளருடன் மேலே போய் அவள் சாவதைப் பார்ப்பேன்.

வயது நாற்பத்து மூன்று. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிய ஒல்லி உடம்பு. நான்கு வருடம் முன்பு வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே இந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. "இத்த நான் தொடச்சேன் சார், அங்க ஒருத்தன் நடந்தான். தொடக்கிறத நிறுத்தினேன், நின்னுட்டான். பாவமா பூட்ச்சு" என்பாள். அன்றைக்கு அவனைக் காட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஒரு கிராமத்தில் விட்டுவிட்டுத்தான் தரையைத் துடைத்தாளாம்.

எந்த ஆட்டத்தையும் அதன் பெயரால் சொல்லமாட்டாள். எல்லாம் அவள் வைத்த பெயர்கள். மலை ஏறும் ஆட்டம் ஒன்று உண்டு, ஒரு பிடி வழுக்கினால் அடிவாரத்தில் போய் விழவேண்டும். அதற்கு 'மாடிப்படி' என்று பெயர். பார்த்தாலே அவளுக்கு எரியும். "நான் எட்டாவது மாடில கீறேன். லிஃப்டு நின்னா தெனம் இதான் ஆடறேன். இதுக்கு ஒரு டிவி வேற." ஊரே கொண்டாடும் பண்ணை ஆட்டம் அவளுக்குத் 'தண்ணிக் கொடம்'. "ஊத்து, படு, எந்திரி, ஊத்து. மன்சன் நிம்மதியா கீறதுக்கு ஆட்றதாம். எனக்கு உள்ளங்கை அரிக்குது." கார் திருடும் ஆட்டத்தில் காரைத் திருடிவிட்டு ஒவ்வொரு சிக்னலிலும் நிற்பாள். பின்னால் போலீஸ் துரத்தும்போதும் நிற்பாள். ஏன் என்று கேட்டால், "ரோட்ல ஆளு நடக்குது இல்ல" என்பாள்.

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண்கள் செல்போனில் ஆடும் மிட்டாய் ஆட்டத்தின் மேல் அவளுக்குத் தனிக் கோபம். காசு பிடுங்குவதற்கென்றே தோற்க வைக்கிறார்கள் என்பது அவள் கட்சி. "நம்ம கை தப்பு பண்ணி செத்தா ஞாயம். அவனே குழிய வெட்டிட்டு, அவனே கயிறு விக்கிறான்."

அவளுக்குப் பிடித்ததோ அந்த இரும்புச் சட்டைக்காரன் வரும் ஆட்டம். பையன்கள் பலர் பாதியில் கைகழுவியது. அவனை முதல்முறை ஜெயிப்பதற்குள் அறுபத்திரண்டு தடவை செத்தாள். தௌசீஃப் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறான். "அறுவத்திரண்டுல ஒண்ணு கூட அவன் மேல தப்பு கெடையாது சார். கைய தூக்கினா அடிப்பான், எறக்கினா உடுவான். ஒரு நாளும் மாத்த மாட்டான். அந்த மாரி ஒரு மன்சன காட்டு பாப்போம்."

நாளாக நாளாகப் பையன்களும் அவளைக் கேட்க ஆரம்பித்தார்கள். புது ஆட்டம் வந்தால், "அக்கா, எப்படி?" என்பார்கள். "ஏமாத்துறான்" என்று அவள் சொல்லிவிட்டால் பலர் அதைத் தொடுவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் போன தை மாதம் ஷ்ரேயா வந்தாள். அடையாறில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஆட்டம் தயாரிக்கும் பெண், முப்பது வயதிருக்கும். இன்னும் முடிக்காத ஆட்டம் ஒன்றை மடிக்கணினியில் கொண்டுவந்து, ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டாள். பையன்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவளுக்கு அது போதவில்லை. "தாயம்மாக்கா கைல குடுத்துப் பாருங்க" என்றான் தௌசீஃப்.

ஆற்றோரத்தில் வரிசையாக வீடுகள். மழை. ஏழு நிமிடத்துக்குள் வீட்டிலிருப்பதை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு ஏறவேண்டும். அதுதான் ஆட்டம். தாயம்மா கட்டையை வாங்கினாள். கன்ட்ரோலரை அப்படித்தான் சொல்வாள். ஆற்றுக்கு முதுகைக் காட்டி, வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்து நின்றாள். தண்ணீர் ஆற்றுப் பக்கமிருந்து வந்து அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் அப்படியே நின்றாள். மறுபடியும் தண்ணீரோடு போனாள்.

"அக்கா, தண்ணி இந்தப் பக்கம் வரும்" என்றாள் ஷ்ரேயா மெதுவாக.

"வராது. மொதல்ல கக்கூஸ்லேர்ந்து வரும். அப்பால வூட்டுக்குள்ள. நீ வெளிய வந்து பாக்கசொல்லதான் ஆறு. கேஸ் சிலிண்டர ஏன் எடுக்க முடில? அது மெதக்கும். புள்ளய அதுல கட்டி இஸ்துக்கினு போலாம்."

ஷ்ரேயா வேகமாக நோட்டில் எழுதினாள். மூன்றாவது ஆட்டத்தில் தாயம்மா பாலத்துப் பக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கதவின்முன் போய் நின்று ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"இந்தக் கதவு ஏன் தொறக்கல?"

"அது சும்மா படம்தான் அக்கா. பேக்ரவுண்டு."

"உள்ள ஆளு இருந்தா?"

"அந்த வீட்டுக்குள்ள நாங்க எதுவும் பண்ணலை. எல்லாக் கதவும் திறக்கணும்னா இன்னும் மூணு நாலு மாசம் ஆகும்."

"அப்போ கதவு போடாத. வெறும் செவுத்த வெச்சுடு. கதவுன்னு ஒண்ணு வெச்சா தொறக்கணும்."

கட்டையை வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போய்விட்டாள். அந்த வாரம் அவள் எதையும் ஆடவில்லை. துடைத்த படியையே திரும்பத் துடைத்தாள். கண்ணாடி ஜன்னலில் இல்லாத கறையைத் தேய்த்தாள். வெள்ளிக்கிழமை நான் டீ டம்ளரோடு ஏறியபோது, கேட்காமலே சொன்னாள்.

பெரும்பாக்கத்தில் அரசாங்கம் வீடு கொடுப்பதற்கு முன் அவர்கள் இருந்தது சைதாப்பேட்டையில், ஆற்றை ஒட்டி. இரண்டாயிரத்துப் பதினைந்தில் வெள்ளம் வந்தபோது, மகள் தமிழ்நிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுத்த வீடு உம்மே ஹானியுடையது. தாயம்மா வயதுதான். புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவள்.

"கதவு சாத்தி இருந்துச்சு சார். ராயப்பேட்டைல தங்கச்சி வூட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன். நெனச்சேனா, நெனச்சுக்கினேனா, அதான் தெரில. தட்டி இருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு தட்டு. இம்மாந்தூரம் கூட இல்ல."

உம்மே ஹானி உள்ளேதான் இருந்தாள், காய்ச்சலில். ஒரு பகலும் ஓர் இரவும் பரண்மேல் குந்தியிருந்தவளை மறுநாள் படகில் வந்தவர்கள் கூரை ஓடுகளைப் பிரித்து இறக்கினார்கள்.

"நல்லாத்தான் கீறா. அதே பெரும்பாக்கம், நாலாவது பிளாக்கு. பாத்தா சிரிப்பா. ஏண்டி தட்டலன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நானும் அழுது தொலச்சிருப்பேன். கேக்கவே இல்ல. நான்தான் அவளப் பாத்தா அந்தாண்ட சுத்திக்கினு போறேன், இத்தினி வருஷமா."

சித்திரை முடியும் சமயம் ஷ்ரேயா திரும்ப வந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். திருத்திய ஆட்டத்தைச் சென்டரின் டிவியில் ஏற்றிக் கொடுத்தாள். இப்போது தண்ணீர் பின்பக்கமிருந்து வந்தது. சிலிண்டர் மிதந்தது. பக்கத்துக் கதவைத் தட்டினால், உள்ளே இருக்கும் பெண் நடக்க முடியாதவளாக மெல்ல எழுந்து வந்தாள். வேண்டுமானால் அந்தப் பெண்ணாக இன்னொருவர் ஆடலாம் என்றாள் ஷ்ரேயா. தாயம்மா தனியாகத்தான் ஆடினாள். கதவைத் தட்டுவாள், அவளைத் தோளில் தாங்கிக்கொள்வாள், பாலத்துக்கு முன்னால் இருவரையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அன்று பதினொரு முறை. மறுநாள் காலை பதினான்கு முறை. பொருள்களை விட்டுவிட்டுப் பார்த்தாள், சந்து மாறிப் பார்த்தாள். எதுவும் சரிவரவில்லை.

தௌசீஃபுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, கதவத் தட்டாம நேரா போனா ஜெயிச்சுடலாம். பசங்க எல்லாம் அப்படித்தான் முடிக்கிறாங்க."

"தெரியும் நைனா. நான் ஒருவாட்டி அப்படித்தான் ஜெயிச்சேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் டம்ளரைப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை நான் மேலே போனபோது ஏழாம் எண் டிவிக்கு முன்னால் கறுப்பு புர்கா போட்ட ஒரு பெண், நாற்காலி நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தாள். முகத்திரையைத் தூக்கித் தலைமேல் போட்டிருந்தாள். தாயம்மா எனக்கு அவளை அறிமுகம் செய்யவில்லை. பேச்சுத்தான் காதில் விழுந்தது.

"பத்து வருஷமா என் வூட்டு வாசப்படி மிதிக்காதவ" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள், "நேத்து வந்து நிக்கிறா. இன்னாவோ ஏதோன்னு பதறிட்டேன். கேமு ஆட வான்றா. இதுக்கா வந்தே தாயி?"

"ரெண்டு பேர் வேணும். தனியா ஆடினா செத்துக்கினே கீறேன்."

"எனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்."

"ஒண்ணும் தெரிய வேணாம். நீ உள்ள இருப்பே. நான் வருவேன்."

தாயம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் மழையில் ஓடும் தாயம்மா. மறு பாதியில் இருட்டறை, கட்டில்மேல் ஒரு பெண், பின்பக்கக் கதவின் கீழே நுழையும் தண்ணீர். உம்மே ஹானியின் முகத்தில் இருந்த சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்தபடியே தன் இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டாள்.

கதவு தட்டும் ஓசை கேட்டது. ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. பொருள்களை எடுக்கவில்லை, பாலத்துப் பக்கம் திரும்பவில்லை, தாயம்மா கதவுமுன் நின்று தட்டிக்கொண்டே இருந்தாள்.

உம்மே ஹானி திரையைப் பார்த்தாள். தாயம்மாவைப் பார்த்தாள். தண்ணீர் கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது.

"எத்த அமுக்கினா கதவு தொறக்கும்?" என்று கேட்டாள்.

தாயம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை மட்டும் நீட்டினாள். உம்மே ஹானியின் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து, சரியான பொத்தானின்மேல் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தவில்லை. வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.