நைனா பெயரில் ஒரு மேசை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடை விடுமுறையில் நடந்தது. நான் திருப்பதியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாவும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் வடமாலபேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். என் இரண்டு பெண்களும் தீம் பார்க், தீம் பார்க் என்று ஒரு வருஷமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரி, சென்னை போகும் வழியில் இருக்கும் ஒன்றுக்குப் போகலாம், அம்மா, நைனாவையும் கூட்டிக்கொண்டு ஆறு பேராகப் போகலாம் என்று முடிவு செய்தோம்.

எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அதிலும் நைனாவுக்குச் சர்க்கரை. மூன்று வேளையும் ஊசி போட்டு, அரை மணி நேரத்துக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். பார்க்குக்குள் வெளிச் சாப்பாடு விடமாட்டார்கள், அங்கே இருக்கும் ஓட்டலில் விடுமுறை நாளில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும் என்று கூட வேலை செய்பவர் ஒருத்தர் சொல்லிவிட்டார். அது போதாதா எனக்கு? பதினைந்து நாள் முன்பே அந்த ஓட்டலுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவர் தெலுங்கில் பேசினார். ஒன்றரை மணிக்கு ஆறு பேருக்கு ஒரு மேசை. பத்து நிமிஷம்தான் வைத்திருப்போம், அதற்குள் வரவில்லை என்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். யார் பெயரில் என்று கேட்டார். என் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள், என்ன தோன்றியதோ, நைனா பெயரைச் சொன்னேன். ரேஷன் கார்டிலும் நூறு நாள் வேலை அட்டையிலும் தவிர அந்தப் பெயரை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அவர் எழுதிக்கொண்டு, பெயருக்குப் பின்னால் 'காரு' சேர்த்து மரியாதையாகத் திருப்பிச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நைனாவிடம் இதைச் சொல்லக் கூடாது, அங்கே போய்த் தன் பெயரைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அதற்குப் பிறகு மூன்று முறை போன் போட்டு, மேசை இருக்கிறதா என்று கேட்டிருப்பேன். எத்தனை மணிக்கு எந்த ராட்டினம், எத்தனை மணிக்கு ஊசி என்று ஒரு தாளில் எழுதியும் வைத்தேன். "இன்னா இது, கலெக்டர் வர்ற மாதிரி டைம் போட்டு வச்சிக்கீற?" என்று என் கணவர் கிண்டல் செய்தார்.

போன அன்று வாசலிலேயே பையைச் சோதித்து, அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிசோற்றையும் நைனாவுக்கென்று வைத்திருந்த பிஸ்கட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஊசியை மட்டும் விட்டார்கள். போகட்டும், மேசைதான் இருக்கிறதே என்று தைரியமாக உள்ளே போனேன்.

ஒரு மணி ஐந்து நிமிஷத்துக்கு நைனாவுக்கு ஊசி போட்டேன். பெண்கள் இரண்டும் தண்ணீரில் ஆடித் தொப்பலாக நனைந்திருந்தன. கணவர் ஈர உடையோடு தன் பையைத் தேடிப் போய்விட்டார். நைனாவை ஓட்டல் வாசலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "நைனா, இங்கயே குந்திக்கினு இரு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லி, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உடை மாற்றும் இடத்துக்கு ஓடினேன்.

அங்கே அப்படி ஒரு வரிசை. நிமிஷத்துக்கு ஒரு முறை போனில் மணி பார்த்தேன். ஒன்று இருபது. ஒன்றரை. சின்னவள் வேறு, பட்டன் போடுவதற்குள் அழுது தீர்த்துவிட்டாள். திரும்பி ஓடிவந்தபோது ஒன்றே முக்கால். நைனா விட்ட இடத்திலேயே கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

வாசலில் கையில் பட்டியலோடு நின்றவரிடம் பெயரைச் சொன்னேன். "மூணு தடவ பிலிச்சேன் மேடம். எவரும் வரல. இப்பத்தான் வேற ஃபேமிலிக்குக் குடுத்தேன்" என்று பாதி தமிழும் பாதி தெலுங்குமாகச் சொன்னார். அடுத்த மேசைக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம்.

என் நைனா இதோ இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் கூப்பிடவே இல்லை என்று அந்த மனிதரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பட்டியலைக் காட்டினார். மூன்று முறை கூப்பிட்டதற்கு மூன்று கோடு போட்டிருந்தது. அந்தக் கோபமெல்லாம் நைனா மேல் திரும்பியது.

"உன் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்களாமே, காதுல உழலியா?"

"உழுந்துச்சி" என்றார்.

"அப்புறம் இன்னாத்துக்கு நைனா செலையாட்டம் குந்திக்கினு இருந்த?"

எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் வாயைத் திறந்தார், பேச்சு வரவில்லை. அப்போதுதான் நெற்றியைப் பார்த்தேன். வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. ஊசி போட்டு நாற்பது நிமிஷம் தாண்டிவிட்டது. கையில் ஒரு பிஸ்கட் கூட இல்லை. ஜூஸ் கடையில் பார்த்தால் டோக்கனுக்கே இருபது பேர். அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எங்களுக்கென்று வைத்திருந்த மேசையில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தன் பிள்ளை குடித்துக்கொண்டிருந்த மாம்பழ ஜூஸை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நைனா வாயருகே வைத்தார்.

"கொழந்தையோடது" என்றார் நைனா. அந்த நிலையிலும் தள்ளினார்.

"பரவால்ல, குடிங்க ஐயா. எங்க அம்மாவுக்கும் சுகர்தான். மொதல்ல குடிங்க."

குடித்தார். ஐந்து நிமிஷம் ஆனது, நடுக்கம் அடங்குவதற்கு. அடங்கியதும் அவர் செய்த முதல் காரியம், அந்த டம்ளரோடு எழுந்து, கழுவுவதற்குக் குழாய் எங்கே என்று தேடியதுதான். நைனாவின் சின்ன வயதில், ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "நீங்க இன்னாத்துக்கு? குடுங்க" என்று டம்ளரை வாங்கி, தன் பிள்ளை முன்னாலேயே வைத்தார்.

அவரே பட்டியல்காரரைக் கூப்பிட்டு, இது இவர்கள் மேசைதானே, நாற்காலி போடுங்கள் என்றார். தேடி வந்து சேர்ந்த என் கணவரோடு நாங்கள் ஆறு பேர், அவர்கள் நாலு பேர். ஒருவர் முழங்கை ஒருவர் தட்டில் இடிக்க உட்கார்ந்தோம். நைனா சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மெதுவாகக் கேட்டேன், கூப்பிட்டது கேட்டும் ஏன் எழுந்திருக்கவில்லை என்று.

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பேரு என் பேருதாம்மா. பின்னாடி காருன்னு சொன்னான். அதான், யாரோ பெரிய மனுசன் நம்ம பேருல வந்துக்கீறாரு போலன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அம்மா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

ஐம்பது வருஷம் பிறத்தியார் நிலத்தில் உழைத்தவர். டேய் என்றும், பாதிப் பெயரிலும்தான் கூப்பிட்டார்கள். இன்று ஒன்றரை ஏக்கர் சொந்தமாக இருக்கிறது, நான் ஆபீஸ் வேலையில் இருக்கிறேன், எல்லாம் மாறிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். மணி, மேசை, ஊசி என்று அத்தனையையும் தாளில் எழுதியவளுக்கு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தோன்றவில்லை. என் ஆசைக்கு அவர் உயிரைப் பணயம் வைத்துவிட்டு, அவரையே திட்டவும் செய்தேன். அந்தப் பெண்ணிடம் பெயர் கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் என்பது இன்னொரு வருத்தம்.

இப்போதும் எங்கே போனாலும் நைனா பெயரில்தான் பதிவு செய்கிறேன். காரு என்று கூப்பிட்டாலும் அது நீதான் என்று முதலிலேயே சொல்லிக் கூட்டிப்போகிறேன். சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ஆனாலும் பெயரைக் கூப்பிட்டதும், வேறு யாராவது எழுந்திருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் இன்றும் எழுந்திருக்கிறார். அந்த ஒரு நொடி, இன்னாத்துக்குக் குந்திக்கினு இருந்த என்று நான் கத்தியது என் காதிலேயே திரும்ப விழுகிறது.