அட்டையைக் கழற்ற இன்னோர் அட்டை

குழாய் என்று நாங்கள் அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. பேருந்துப் பணிமனையில் ரப்பர் குழாயைப் பிடித்து வண்டி கழுவுவது அவள் வேலை. அதோடு, வாயைத் திறந்தாள் என்றால் மூடுவதற்கு ஆள் வர வேண்டும். எனக்குப் பொதுவாகவே வாயாடிகளைக் கண்டால் ஆகாது. பின்சீட்டில் உட்கார்ந்து வழி சொல்கிற மேதாவிகளை ஏற்றிக்கொண்டு நாள் முழுக்க டாக்சி ஓட்டுகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் இவள் பேச்சை மட்டும் காது கொடுத்துக் கேட்டேன்.

பணிமனைக்குப் பின்னால் இருக்கும் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவள். அப்பாவும் அங்கேதான் வண்டி கழுவினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், முந்தைய நாள் டிவி தொடரைத் தவறவிட்ட பெண்களுக்கு இவள் கதை சொல்வாள். சலிப்புத் தட்டினால் இஷ்டத்துக்கு மாற்றிவிடுவாள். தொடரைப் பார்த்தவர்களே, "நீ சொன்னதுதான்டி நல்லா இருக்கு, டிவியில சொதப்பிட்டாங்க" என்பார்களாம். ஒரு நாள் பேருந்தின் முதுகில் ஒட்டியிருந்த விளம்பரம் ஒன்றைச் சுரண்டச் சொன்னார்கள். தொடர் எழுத இதுவரை வாய்ப்புக் கிடைக்காத சமூகங்களிலிருந்து ஆட்கள் தேவை, பயிற்சி தரப்படும் என்று அதில் போட்டிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டியவள் போன் நம்பரை மட்டும் விட்டுவைத்தாள். மேஸ்திரி கேட்டதற்கு, "வர மாட்டேங்குது சார், நல்ல பசை" என்று சொல்லிவிட்டு, மனப்பாடம் ஆனபிறகு அதையும் சுரண்டினாள்.

அப்படித்தான் அந்தப் பயிற்சி அறையில், அதே விளம்பரத்தைப் பார்த்து வந்திருந்த என் பக்கத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். தொடர்களில் என் தெரு ஆட்கள் வந்தால் யாரையாவது கடத்துவார்கள். அவளுடைய ஆட்கள் வந்தால் பின்னால் தரையைத் துடைப்பார்கள், வசனம் கிடையாது. இதை மாற்றத்தான் எங்களைச் சேர்த்திருப்பதாகப் பயிற்சி கொடுத்த மேடம் சொன்னார். அவர் தொடர் எழுதியே தலை நரைத்தவர். நாங்கள் கற்றுக்கொண்டே எழுதுவது வருடக் கடைசியில் நிஜமாகவே ஒளிபரப்பாகும்.

அறையில் ஒரு நீள மேசை, திறக்க வராத ஜன்னல், சுவர் முழுக்கத் தக்கைப் பலகை. ஒரு காட்சிக்கு ஓர் அட்டை. மேடம் வைத்த சட்டம் இது: "சுவர்ல ஏறின அட்டை யாரோடதும் இல்ல, அறையோடது. பிடிக்கலைன்னு யாரும் கழட்டக் கூடாது. கழட்டணும்னா அதைவிட நல்ல அட்டையோட வாங்க." எனக்கு இந்தச் சட்டம் அறவே பிடிக்கவில்லை. என் அருமையான கார் துரத்தல் காட்சியை அப்படித்தான் தூக்கினார்கள்.

ஒரு நாள் கதை முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் நாயகி ஓர் அலுவலகக் கட்டடத்தின் கழிப்பறையைச் சுத்தம் செய்பவள். அவள் வீட்டில் எதை மறைக்கிறாள்? யாருக்கும் ஓடவில்லை. குழாய்க்கு மௌனம் என்றால் உடம்பெல்லாம் அரிக்கும்.

"எங்க அக்கா மாதிரி வச்சுக்கலாமே" என்றாள்.

அக்காவுக்கும் அதே வேலைதான். மாப்பிள்ளை வீட்டில் அவள் மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் இஸ்திரி போட்ட உடையில் கைப்பையோடு கிளம்புவாள். துடைப்பக்கட்டை வைக்கும் ஸ்டோர் ரூமில் நின்று யூனிஃபார்முக்கு மாறுவாள், சாயங்காலம் மறுபடியும் மாறுவாள். கை ஏன் வெடித்திருக்கிறது என்று மாமியார் கேட்டதற்கு, "பேப்பர் புரட்டிப் புரட்டித்தான் அத்தை" என்றாளாம். குழாய் அதை நடித்துக் காட்டினாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அறை சூடு பிடித்தது. மாமியார் அந்தக் கட்டடத்துக்கு வரட்டும் என்றார் ஒருவர். கழிப்பறைக் கதவைத் திறக்கட்டும், மருமகள் பிரஷோடு நிற்கட்டும் என்றார் இன்னொருவர். மாமியார் கூச்சல் போட்டு, முடியைப் பிடித்து வெளியே இழுக்கிறாள் என்று முடித்தார்கள். அட்டை ஏறியது. எல்லோரும் கைதட்டினோம். குழாயும் தட்டினாள், பாதியில் அவள் கை நின்றது.

டீ குடிக்கும்போது என்னிடம் வந்தாள். "அண்ணா, அக்கா வீட்ல தினமும் இந்தச் சேனல்தான் பார்ப்பாங்க."

"பேசுறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

"நான் என்னிக்கு யோசிச்சுப் பேசியிருக்கேன்?" என்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

மேடமிடம் போய்ச் சொன்னாள். மேடம் கல்நெஞ்சக்காரி அல்ல. "அக்காகிட்ட கேளு. அவங்க வேண்டாம்னா நானே கழட்டிடுறேன்" என்றார். ஆனால் கேட்பதென்றால், ஒரு மேசை நிறைய ஆட்களிடம் அக்காவின் ரகசியத்தைப் போட்டு உடைத்ததைச் சொல்ல வேண்டும். அதற்குக் குழாய்க்குத் தைரியமில்லை. வேறு அட்டைகள் எழுதிப் பார்த்தாள். நாயகி விபத்தில் சிக்கினாள், திருட்டுப்பழி சுமந்தாள், நினைவு தப்பினாள். நினைவு தப்பியதற்கு நானே சிரித்துவிட்டேன். பழைய அட்டை அசையவில்லை. படப்பிடிப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள்.

கடைசியில் நான்தான் அவளை என் டாக்சியில் திணித்து, அக்கா வேலை செய்யும் கட்டடத்துக்குக் கூட்டிப்போனேன். அக்கா இடைவேளையில் யூனிஃபார்மோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். குழாய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"என் பொழைப்பு உங்களுக்குச் சிரிப்பா இருந்துச்சா?" என்றாள் அக்கா. "உன்னை நம்பித்தானடி சொன்னேன்."

எனக்கு வண்டியை விட்டு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கையுறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அதுல மாமியார் என்ன பண்றாங்க?"

"கத்துறாங்க. முடியைப் பிடிச்சு இழுக்குறாங்க."

"அவங்க அப்படிப் பண்ணல" என்றாள் அக்கா.

குழாய் திரும்பிப் பார்த்தாள். "வந்தாங்களா?"

"மாடியில கண் டாக்டர் இருக்காரு. அங்க வந்தவங்க பாத்ரூமுக்குள்ள வந்தாங்க. நான் மாஸ்க் போட்டுக் குனிஞ்சு நின்னேன். கையைக் கழுவினாங்க, தொட்டியைச் சுத்தித் தண்ணி தெறிச்சுது. கைக்குட்டையை எடுத்து அதைச் சுத்தமா துடைச்சுட்டுப் போனாங்க. வீட்ல ஒரு வார்த்தை பேசல. என்னைத் தெரிஞ்சுதா, தெரியலையா? சாப்பிடும்போதெல்லாம் அவங்க மூஞ்சியைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பைத்தியம் பிடிக்குது."

அக்கா கதவைத் திறந்தாள். இறங்குமுன் சொன்னாள்: "எழுது. நடந்ததை நடந்தபடி எழுது. முடியைப் பிடிச்சு இழுத்தாங்கன்னு எழுதினா உன் கையை ஒடிச்சுடுவேன். அதைப் பார்த்தாலாவது அவங்க வாயிலேருந்து ஏதாவது வருதான்னு பார்க்கிறேன்."

மறுநாள் குழாய் புது அட்டையை மேசையில் வைத்தாள். மாமியார் கை கழுவுகிறாள், தொட்டியைத் துடைக்கிறாள், போகிறாள். அவ்வளவுதான். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. மேடம் எழுந்து போய்ப் பழைய அட்டையைத் தன் கையாலேயே கழற்றினார்.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் குழாயை அக்கா வீட்டில் இறக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அந்த மாமியார் விடவில்லை. "வந்தவரை வாசல்லயே அனுப்புவாங்களா? உள்ள வாங்க தம்பி" என்று என்னையும் இழுத்து உட்கார வைத்தார். ஒல்லியான மனுஷி, மூக்குக்கண்ணாடி, கண்டிப்பான பார்வை. மாப்பிள்ளை சோபாவில் காலை நீட்டியிருந்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. குழாயின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது.

ஸ்டோர் ரூம் காட்சி போனது. காகிதம் புரட்டிக் கை வெடித்த வசனத்துக்கு மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கழிப்பறை. இயக்குநர் பின்னணி இசையைப் போட்டு இழுத்திருந்தார். திரையில் மாமியார் தொட்டியைத் துடைத்தாள், துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நான் இவ்வளவு நேரமெல்லாம் துடைக்கலையே" என்றார் மாமியார்.

அக்கா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னம்மா சொல்றே?" என்றார் மாப்பிள்ளை.

"உனக்கு ஒண்ணுமில்ல. நீ டிவியைப் பாரு." மாமியார் மருமகள் பக்கம் திரும்பினார். "நீயா சொல்லுவேன்னு இத்தனை நாள் பார்த்தேன். நாளையிலேருந்து யூனிஃபார்மை இங்கேயே போட்டுக்கிட்டுக் கிளம்பு. அந்த இருட்டு ரூம்ல நின்னு எதுக்கு மாத்திக்கிட்டு?"

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கு வெட்கமில்லை.

மாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு குழாயைப் பார்த்தார். "நீதானே எழுதுனே? அடுத்த தடவை என்கிட்டேயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுது."

குழாய் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.