குடிக்காமல் வைத்த கிண்ணம்

ஃபவ்வாஸ் வாத்தியாரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய எங்கள் கரக் மலைக்காரர்களுக்கு, அவர் எந்தப் பக்கம் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ரொட்டி மானியத்தில் கை வைக்கவே கூடாது என்பார். டீசல் மானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் நாடு கடனில் மூழ்கிவிடும் என்றும் சொல்வார். அரசாங்கத்தார் அவரை எதிரி என்றார்கள். எதிர்த்தவர்களோ அரசாங்கத்தின் எடுபிடி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய காலத்திலும் அப்படித்தான். சண்டை போட்ட இரண்டு பையன்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சொல்லி, இருவரிடமும் முறைப்பை வாங்கிக்கொள்வார்.

டீசல் மானியத்தை ஒரேயடியாக நிறுத்தச் சட்டம் வந்தபோது, ஓட்டெடுப்புக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக அவர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் அவருடைய சொந்த அண்ணன் மித்கால். ஆட்டு மந்தைகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிப் பிழைப்பவர். தம்பியைப் படிக்க வைத்ததும் அந்த லாரிதான்.

காபி ஊற்றினார்கள். வந்தவர்கள் கிண்ணத்தை வாங்கிக் குடிக்காமல் தரையில் வைத்தார்கள். கேட்டு வந்தது கிடைக்கும்வரை எங்களில் யாரும் குடிக்கமாட்டோம். வீட்டுக்காரர் ‘குடிங்க’ என்று சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

“டேய் வாத்தியாரே, உன் நடுநிலைய டேங்குல ஊத்தி லாரி ஓட்ட முடியாது” என்றார் மித்கால். “இந்தச் சட்டம் வேண்டாம்னு சொல்லிட்டு வா. அவ்வளவுதான் கேக்குறோம்.”

“அண்ணே, ஒரேயடியா வேண்டாம்னுதான் நானும் சொல்றேன். மெதுவா, வருஷா வருஷம் கொஞ்சமா...”

“காபி ஆறுது.”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் தன் வீட்டில் வாய் நனைக்காமல் எழுந்து போவதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. “குடிங்கண்ணே” என்றுவிட்டார். மித்கால் ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்பியின் தோளைத் தட்டினார்.

தலைநகர் அம்மானில் வேறு பேரம் நடந்தது. டீசலை விட்டுக்கொடுத்தால் ரொட்டியைத் தொடமாட்டோம் என்றார் மந்திரி. லாரி வைத்திருப்பவர்கள் சிலர், ரொட்டி தின்பவர்கள் எல்லோரும் என்று ஃபவ்வாஸ் யோசித்தார். அண்ணனுக்குச் சொன்னால் புரியும் என்றும் நினைத்தார். சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். ஊரே அதை டிவியில் பார்த்தது.

அண்ணன் போனில் சத்தம் போடவில்லை. “முடியாதுன்னு சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பேன். ரெண்டு நாள் திட்டிட்டு மறுபடி வந்திருப்பேன். குடிங்கன்னு சொன்னியேடா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ரொட்டி விலை ஏறவில்லை. அதற்காக யாரும் ஃபவ்வாஸுக்கு நன்றி சொல்லவில்லை. ஏறிய விலைக்கு டீசல் போட முடியாமல் மித்கால் வீட்டு முற்றத்தில் லாரி வெயிலில் நின்று துருப்பிடித்தது. நாலைந்து முறை தம்பி வாசல்வரை போனார். அண்ணன் வீட்டில் இல்லை என்றே பதில் வந்தது. பிறகு ஒரு குளிர்காலத்தில் மித்கால் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார்.

துக்கக் கூடாரத்தில் சொந்தத் தம்பி வரிசையில் நின்று வந்தவர்களை எதிர்கொள்ள வேண்டும். அண்ணன் மகன் சாயில், “நீங்க உக்காருங்க சித்தப்பா” என்று விருந்தாளிகள் பக்கம் கை காட்டினான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதைதான் ஃபவ்வாஸை அறுத்தது.

கசப்புக் காபி வந்தது. அவர் கிண்ணத்தை வாங்கித் தன் முன்னால் தரையில் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாயில் வந்து எதிரே குந்தினான்.

“என்ன வேணும் சித்தப்பா?”

“மன்னிப்பு. உங்க அப்பா இடத்துல நீதான இருக்க. ஒரு வார்த்தை சொல்லுப்பா.”

சாயில் கிண்ணத்தைப் பார்த்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

“அதைக் குடுக்க வேண்டியவரு போயிட்டாரு. என்கிட்ட இல்ல. இல்லாததைக் குடுத்த மாதிரி குடிங்கன்னு சொல்ல எனக்கு வராது, சித்தப்பா.”

அவன் எழுந்து வரிசைக்குப் போனான். ஃபவ்வாஸ் கூடாரம் பிரிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். காபி ஊற்றியவன் எல்லாக் கிண்ணங்களையும் எடுத்தான், அந்த ஒன்றைத் தவிர.