உதிராத வர்க்கி

பெர்லினில் என் அலுவலகத்தில் வியாழக்கிழமைதோறும் தோற்றவர்களுக்குக் கேக் வெட்டுகிறார்கள். கம்பெனியை மூடிய ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்று, தான் கவிழ்ந்த கதையை விவரிப்பார், எல்லோரும் கைதட்டுவார்கள். முதல்முறை பார்த்தபோது எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. குன்னூரில் ஒரு கடை மூடினால் ஜனங்கள் அந்த ஷட்டரைப் பார்க்காமல்தான் நடப்பார்கள். நாற்காலியிலிருந்து இறங்கிய யோனாஸின் கையைப் பிடித்துக்கொண்டு துக்க வீட்டுக் குரலில், "தைரியமாக இருங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. "இது என் மூன்றாவது தோல்வி, தெரியுமா?" என்றான், மூன்றாவது பிள்ளை பிறந்தவன் போல.

அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருடம் இருந்தால் யாருக்கும் புத்தி கொஞ்சம் பிசகும். வெற்றிக்கான சூத்திரங்களைச் சுவரெங்கும் ஒட்டியிருப்பார்கள்: வாடிக்கையாளரின் குறையைக் கேள், தீர்த்து வை, பழையதைத் தூக்கி எறி, வளர். குன்னூர் கடைவீதியில் என் அண்ணன் சலீம், டீயில் முக்கித் தின்னும் அடுக்கடுக்கான, மொறுமொறு வர்க்கியை விறகடுப்பில் சுட்டு விற்கிறார். அதைக் கம்பெனியாக்கிவிட்டால் நானும் ஊருக்கே போய்விடலாமே என்று தோன்றியது. ராஜினாமாக் கடிதத்தை எழுதி, அனுப்பாமல் வைத்துவிட்டு, மூன்று வார லீவில் கிளம்பினேன்.

கடை வாசலில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, குறைகளை எழுதச் சொன்னேன். ஆசை தீர எழுதினார்கள். எல்லோருக்கும் ஒரே குறை: உதிர்கிறது. ஸ்வெட்டரில் உதிர்கிறது, பரீட்சைத் தாளில் உதிர்கிறது. எஸ்டேட் பஸ் ஓட்டும் ராஜு அண்ணன், ஸ்டியரிங்கில் உதிர்கிறது என்று அரைப் பக்கம் எழுதியிருந்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உதிராத வர்க்கி! முந்தின நாள் மாவில் கொஞ்சம் எடுத்துவைத்து, அதைக் கொண்டுதான் மறுநாள் மாவைப் புளிக்க வைப்பது எங்கள் கடை வழக்கம். உதிர்வதற்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, அந்தப் பழைய மாவைக் கொட்டிவிட்டு ஈஸ்ட் போடச் சொன்னேன். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

மறுநாள் காலை ராஜு அண்ணன் புது வர்க்கியை டீயில் முக்கிக் கடித்தார். சட்டையைத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை.

"ஏனுங்க, வர்க்கி இல்லீங்களா?"

"இதுதானுங்க வர்க்கி. உதிருதுன்னு நீங்கதானே எழுதுனீங்க?" என்றேன்.

"எழுதுனனுங்க. குன்னூர் மழையக்கூடத்தான் தெனம் திட்டறோம். அதுக்குன்னு மழைய நிறுத்திப்போடுவீங்களா?"

மூன்று நாள் தட்டுகள் அப்படியே இருந்தன. வாடிக்கைக்காரர்கள் பக்கத்துக் கடைக்குப் போகத் தொடங்கினார்கள். நான்காம் நாள் காலையில் பின்பக்கம் போய்ப் பார்த்தால், பழைய மாவு ஈரத்துணியைப் போர்த்திக்கொண்டு சட்டியில் சுகமாகப் பொங்கியிருந்தது.

"கொட்டலையா?" என்றேன்.

"உன்னை நம்பாம இல்ல பாப்பா. உன்ற சூத்திரத்தைத்தான் நம்பல" என்றார் அண்ணன்.

கடை தப்பித்தது என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. கம்பெனி இல்லாவிட்டால் எதைச் சொல்லிக்கொண்டு ஊர் திரும்புவேன்? அதை அண்ணனிடமே கேட்டுவிட்டேன். அவர் மாவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஊட்டுக்கு வர்றதுக்குக் கம்பெனி எதுக்கு பாப்பா?"

லீவு முடிந்து விமானம் ஏறினேன்.

போன வியாழக்கிழமை நானும் நாற்காலியில் ஏறினேன். பலமாகக் கைதட்டினார்கள். அண்ணன் கட்டிக்கொடுத்த வர்க்கியை எல்லோருக்கும் நீட்டினேன். யோனாஸ் கடித்துவிட்டுச் சட்டையைத் தட்டியபடியே, "பிரமாதம். இந்த உதிர்வதை மட்டும் சரிசெய்துவிடு" என்றான்.

என் கீபோர்டின் இடுக்கெல்லாம் இன்னும் வர்க்கித் தூள். துடைக்க மனம் வரவில்லை. தினமும் அந்த ராஜினாமாக் கடிதத்தைத் திறக்கிறேன். விரலில் இரண்டு துகள் ஒட்டுகிறது. வாயில் போட்டுக்கொண்டு, கடிதத்தை அனுப்பாமலே மூடிவிடுகிறேன்.