பின்னால் நின்று ‘வரலாம்’ என்றவர்

சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். இது நடந்தது. நடந்தது கடுகு அண்ணனுக்கு. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற மனிதர் அவர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவர். தொட்டதற்கெல்லாம் பொரிவார் என்பதால் தெருவில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரே தன் வாயால் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நானாக ஒரு வார்த்தை கூட்டவில்லை.

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மறுநாள் விளையாட்டுப் போட்டி. கூடாரம், நாற்காலி, ஸ்பீக்கர், ஜெனரேட்டர் எல்லாம் பொதுக் கிடங்கில் இரவலாகக் கிடைக்கும், ஏற்றிவர ட்ரெய்லரோடு. நம் வண்டியில் மாட்டி இழுத்துக்கொண்டு வந்து, வேலை முடிந்ததும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். ட்ரெய்லர் மாட்டுகிற வண்டி தெருவில் அண்ணனிடம் மட்டும்தான் இருந்தது. கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், வேலை அவர் தலையில் விழுந்துவிட்டது.

மதியம் கிடங்குக்குப் போனார். துணைக்கு மனைவியின் தம்பி. அவன் காதும் போனும் ஒட்டிப் பிறந்தவை. அண்ணன் ஒற்றை ஆளாகக் கூடாரக் கம்பிகளையும் நாற்காலிகளையும் ஏற்றி, வேர்வையைத் துடைத்து நிமிர்ந்தபோது கிடங்குக்காரர் வந்து பார்த்தார்.

“பாரமெல்லாம் வால் பக்கம் ஏத்திருக்கீங்களே. ரோட்டுல போறப்ப வால் ஆட்டும். வண்டியையே புரட்டிப் போட்டுடும். இறக்குங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறக்கினார். கனமானதை முன்பக்கம் வைத்து மறுபடி ஏற்றினார். பிறகு ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் பின்னால் இருந்த உருண்டையில் உட்கார மறுத்தது. உட்கார்ந்ததும் பூட்டு விழவில்லை. பூட்டு விழுந்ததும் சங்கிலியைக் குறுக்காகப் போடவில்லை என்று கிடங்குக்காரர் கழற்ற வைத்தார். எல்லாம் முடிந்து பார்த்தால் இடதுபக்க விளக்கு எரியவில்லை.

“விளக்கு எரியாம அனுப்ப மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அண்ணன் தரையில் மல்லாந்து படுத்து ஒயரைச் சுரண்டினார். மேலே மச்சினன் போனில் யாரிடமோ, “செம வேலை மச்சான், மூச்சு விட நேரமில்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

புறப்படும்போது வானம் இருட்டிக்கொண்டு நின்றது. இரவல் வாங்குகிற வேலைக்கே இனிமேல் ஒரு கும்பிடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். முதல் திருப்பத்தில்தான் அந்தச் சத்தம்.

டப்… டப்.

ட்ரெய்லரின் பக்கத் தகட்டை யாரோ உள்ளங்கையால் தட்டுவது போல. பஸ்ஸில் கண்டக்டர் தட்டுவாரே, அப்படி.

வண்டியை ஓரம் கட்டினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். நாற்காலிகளை அசைத்துப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. ஏறி உட்கார்ந்து கிளப்பினார். அடுத்த திருப்பம்.

டப்… டப்.

“மாப்ளே, நீ ஏதாவது தட்டறியா?”

“நான் எங்க மாமா தட்டறேன்? ரெண்டு கையிலயும் போன்தான் இருக்கு.”

சிக்னலில் நின்றபோது பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு அண்ணனை முறைத்தார்.

“ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? ஒரு பெரியவரை இப்படிப் பின்னால தொங்க விட்டுக் கூட்டிட்டுப் போறீங்க? விழுந்தா என்ன ஆகறது?”

“யாரைச் சொல்றீங்க?”

பச்சை விழுந்தது. பைக் போய்விட்டது. பின்னால் இருந்த கார்கள் ஹாரன் அடித்தன. அண்ணன் இறங்கிப் பார்க்கவில்லை. அவருக்குப் பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பைத்தியங்களெல்லாம் இன்றைக்கென்று என் வழியில் வந்து நிற்கின்றனவே என்று ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினார்.

போட்டி நடக்க இருந்த மண்டபத்தின் பின்பக்கம் ஒரு சந்து. இரண்டு பக்கமும் சுவர், கடைசியிலும் சுவர். சாமான் இறக்கும் கதவு அந்தக் கடைசியில். ட்ரெய்லரைப் பின்னுக்குத் தள்ளித்தான் கொண்டுபோக வேண்டும். அண்ணனின் மனைவி முன்னமே மண்டபத்துக்கு வந்து நாற்காலி போடுகிற இடத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“நீ இறங்கி அந்தக் கதவுச் சாவியை வாங்கிட்டு, பின்னால வந்து நின்னு சொல்லு” என்று அண்ணன் மச்சினனை அனுப்பினார்.

ட்ரெய்லரைப் பின்னால் தள்ளியவர்களுக்குத் தெரியும். நாம் இடது பக்கம் ஒடித்தால் அது வலது பக்கம் போகும். நேராகப் பிடித்தால் கோணிக்கொள்ளும். நான்கைந்து முறை உள்ளே விட்டு, மடங்கி, வெளியே இழுத்தார். மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளில் தண்ணீர் வழிந்தது. ட்ரெய்லரின் அகலத்துக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. வாயில் வந்த கெட்ட வார்த்தைகளை அவர் என்னிடம் சொன்னார். அதை மட்டும் எழுதவில்லை.

அப்போதுதான் குரல் கேட்டது.

“வரலாம்… வரலாம்…”

நிதானமான குரல். அவசரமே இல்லை. கூடவே தகட்டில் கை.

டப்… டப்.

ஒருவழியாக வந்து சேர்ந்தானே என்று அண்ணன் பெருமூச்சு விட்டார். குரலுக்கு ஏற்றபடி ஸ்டியரிங்கைத் திருப்பினார். ஆச்சரியம்… ட்ரெய்லர் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. அன்றைக்கு முழுவதும் சரியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

“வரலாம்… வரலாம்…”

பாதிச் சந்து தாண்டியது. முக்கால் சந்து.

“இன்னும் எவ்வளவு இருக்கு?” என்று கத்தினார்.

“வரலாம்…”

“டேய், செவுரு பக்கத்துல வந்துடுச்சாடா?”

“வரலாம்…”

அதே குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அண்ணனுக்குச் சுரீரென்று ஏறியது. கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொல்லத் துப்பில்லையா? இன்றைக்கு இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன்… ஹேண்ட்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தார். கதவைத் திறக்கப் போனார்.

கை அப்படியே நின்றது.

முன்கண்ணாடி வழியாகப் பார்த்தார். சந்தின் வாயில். மழையில். தலையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு…

மச்சினன் வந்துகொண்டிருந்தான்.

எதிரே.

கையில் சாவி.

பின்னால் குரல்…

“வரலாம்… வரலாம்…”

டப். டப். டப்.

அண்ணன் குதித்து இறங்கினார். சுவருக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே உடம்பைத் தேய்த்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

யாரும் இல்லை.

இல்லை… கீழே.

மனைவி.

கடைசிச் சுவரில் முதுகு ஒட்ட, குந்தி உட்கார்ந்திருந்தார். அவிழ்ந்து தரையில் புரண்ட கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ட்ரெய்லரின் இரும்பு விளிம்புக்கும் அவர் நெற்றிக்கும் நடுவே ஒரு சாண்.

ஒரே ஒரு சாண்.

“ஏங்க, ஏன் இப்படி மூச்சு வாங்கறீங்க?”

அண்ணன் குனிந்தார். கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“இங்க ஏன் வந்தே? வண்டி பின்னால வர்றது தெரியல?”

“கயிறு சக்கரத்துல மாட்டிக்குமேன்னு பக்கத்து இடுக்கு வழியா வந்தேன். அதான் அந்தப் பெரியவர் நின்னாரே. என்னைப் பாத்துக் கையைக் காட்டினாரு. அவர் பாத்துப்பாருன்னு நான் பாட்டுக்குக் கட்டிட்டு இருந்தேன்.”

“யாரு?”

“உங்க கூட வந்தவர்தானே? ஆனா பாவம், வாயைத் திறந்து திறந்து மூடறாரு, ஒரு சத்தமும் வரல.”

மச்சினன் வந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “மாமா, தனியா யார்கிட்ட கத்திட்டு இருந்தீங்க?”

போட்டி நடந்தது. பிள்ளைகள் ஓடின, பரிசு வாங்கின. அண்ணன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். முடிந்த மறுநாள் காலை, மனைவியும் வருவேன் என்று பிடிவாதம் பிடிக்க, இருவருமாக ட்ரெய்லரைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். அடுத்து எடுத்துப்போக ஒரு பள்ளிக்கூடத்து ஆட்கள் காத்திருந்தார்கள். அவர்கள் வண்டியில் அண்ணனே ட்ரெய்லரை மாட்டிக் கொடுத்தார். அவர்கள் கிளம்பியதும் கிடங்குக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார்.

அவர் கிடங்குக் கதவைப் பூட்டினார். பிறகு, “வாங்க” என்று மட்டும் சொல்லி, அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

உள்ளறையில் கட்டிலில் ஒரு பெரியவர். கண் திறந்திருந்தது. அண்ணனின் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அண்ணனின் முழங்கையில் அவர் நகம் பதிந்தது.

“இவர்தாங்க…”

கிடங்குக்காரர் சொன்னார்: கிடங்கில் ட்ரெய்லருக்குப் பின்னால் நின்று வழி சொல்லும் வேலை பெரியவருக்கு. ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் அடித்தது. இருந்த பேச்சில் ‘வரலாம்’ என்ற ஒரே ஒரு வார்த்தை நாக்கில் தங்கிவிட்டது. மற்றதெல்லாம் போய்விட்டது. ட்ரெய்லர் நிற்கவில்லை. பின்னால் நின்ற கூட்டாளி சுவரோடு நசுங்கிச் செத்தார். அன்றிலிருந்து பெரியவர் இந்தக் கட்டிலை விட்டு இறங்கியதே இல்லை.

“முந்தாநாள் மழை வந்தப்ப பேசினாரா?” என்று அண்ணன் கேட்டார்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தார். “உங்களுக்கு எப்படித் தெரியும்? வரலாம் வரலாம்னு ஒரே சத்தம். நிறுத்துன்னு சொல்லத்தான் பாக்கறாரு, எனக்குத் தெரியுது. அதுக்கும் அந்த வார்த்தைதான் வருது. கை ஒண்ணுதான் கொஞ்சம் தூக்க முடியும். தூக்கித் தூக்கிக் காட்டிட்டு அழுவாரு.”

அவர் சொல்லி முடிக்கவில்லை.

கட்டிலில் உதடு அசைந்தது.

“வரலாம்… வரலாம்…”

கை மெல்ல எழுந்தது. உள்ளங்கை விரிந்தது. கண்ணோரம் நீர்.

அண்ணன் கிடங்குக்காரரைப் பார்த்தார். “அந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க நம்பர் இருக்கா? போடுய்யா! சீக்கிரம்!”

மணி போனது… போனது… எடுத்தார்கள். அண்ணன் போனைப் பிடுங்கி, தெருவே அதிரக் கத்தினார்.

“நிறுத்து! வண்டியை நிறுத்து!”

கட்டிலில் குரல் நின்றது. கை கீழே விழுந்தது. பெரியவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார்.

போனில் பள்ளிக்கூடத்து ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. “நிறுத்திட்டேங்க. என்ன ஆச்சு? நேராத்தான் பின்னால போயிட்டு இருந்துச்சு… உங்க ஆளு நல்லா வழி சொன்னாரே.” கதவு திறக்கும் சத்தம். காலடிச் சத்தம். பிறகு அவர் குரல் மாறியது.

“ஐயோ… இங்க ட்ரெய்லருக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு பொண்ணு பந்து எடுக்க வந்து நிக்குதுங்க… சார், பின்னால நின்னாரே, உங்க பெரியவர்… அவர் எங்க?”